இற்செறிப்பும் பெயர் சுட்டாமையும்

பெண்கள் கல்லூரிகளில் ஆண்டுக்கொரு முறையாவது 'இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டம்' நடக்கிறது. காவல்துறையிலிருந்தோ வங்கியிலிருந்தோ ஒருவர் வந்து பேசுவார். பேசுபவர் மாறினாலும் உரை மாறுவதில்லை. ஃபேஸ்புக்கில் படம் போடாதீர்கள். தெரியாதவர்களோடு பேசாதீர்கள். ராத்திரியில் ஆன்லைனில் இருக்காதீர்கள். யாரையும் நம்பாதீர்கள். கடைசியில், "நாம ஒழுங்கா இருந்தா ஒண்ணும் ஆகாதும்மா" என்று ஒரு வாக்கியம் தவறாமல் வரும். இந்த உரைகளை மாணவிகளோடு உட்கார்ந்து பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். தமிழ் சொல்லிக்கொடுப்பவளுக்கு எதுவும் ஒரு பனுவல்தான். இந்தப் பனுவலையும் கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பார்க்கலாம்.

முதலில் அதன் வினைச்சொற்கள். போடாதே, பேசாதே, பகிராதே, நம்பாதே. எல்லாம் எதிர்மறை ஏவல்கள். 'இதைச் செய்' என்று சொல்லும் வினை அரிது. கடவுச்சொல்லை எப்படி அமைப்பது, நம் கணக்கை வேறு யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று எங்கே பார்ப்பது, புகாரை எங்கே கொடுப்பது என்பவையெல்லாம் வந்தால், தேநீர் ஆறிக்கொண்டிருக்கும் கடைசி ஐந்து நிமிடங்களில் வரும்.

அடுத்து எழுவாய். 'படம் மார்ஃபிங் செய்யப்படுகிறது', 'வீடியோ பரவுகிறது', 'பெண்கள் ஏமாற்றப்படுகிறார்கள்.' செய்தவனே இல்லாத வாக்கியங்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் பரவுவதுபோல வீடியோவும் தானாகப் பரவுகிறது. நாளிதழ் மொழியில் அவனுக்கு 'மர்ம நபர்' என்று பெயர். அவன் முன்னாள் காதலனாக இருக்கலாம், அத்தை மகனாக இருக்கலாம், பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவனாக இருக்கலாம். செய்தியில் மர்ம நபர்தான். செயப்பாட்டு வினைக்குள் ஆண் மறைந்துகொள்கிறான். முன்னிலை ஏவலில் பெண் நிறுத்தப்படுகிறாள்.

மூன்றாவது, ஒரு பெயரடை. ஒரு பெண்ணின் படத்தை அவள் ஒப்புதல் இல்லாமல் ஒருவன் பரப்பினால் அதை 'ஆபாசப் படம்' என்கிறோம். குற்றம் பரப்பிய செயலில் இருக்கிறது; அழுக்கு படத்தின்மேல் பூசப்படுகிறது. படத்தில் இருப்பது அவள் உடல் என்பதால் அழுக்கு அவளிடமே போய்ச் சேர்கிறது. 2000களின் தொடக்கத்தில் மாலதி மைத்ரி, சல்மா, குட்டி ரேவதி, சுகிர்தராணி ஆகியோரின் கவிதைகள்மேல் வீசப்பட்டதும் இதே சொல்தான். தன் உடலைப் பற்றிப் பெண் தானே எழுதினாலும் ஆபாசம். அவளுக்குத் தெரியாமல் ஒருவன் படமெடுத்துப் பரப்பினாலும் ஆபாசம். ஒப்புதல் இருந்ததா இல்லையா என்ற கேள்வி இந்தச் சொல்லுக்குள் நுழையவே முடியாது.

சட்டம் இந்த இடத்தில் நம் பேச்சுமொழியைவிட ஓரளவு முன்னே போயிருக்கிறது. 2013இல் குற்றவியல் சட்டம் திருத்தப்பட்டபோது, பெண்ணை மறைந்திருந்து பார்ப்பதும் படமெடுப்பதும் தனிக் குற்றமாயின. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவு. அதன் விளக்கம் ஒன்று முக்கியமானது: படமெடுக்க ஒரு பெண் சம்மதித்திருந்தாலும், அதைப் பிறருக்குப் பரப்ப அவள் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியது குற்றம். "நீ ஏன் எடுக்க விட்டாய்?" என்று வீட்டிலும் காவல் நிலையத்திலும் கேட்கப்படும் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. ஒவ்வொரு மாணவிக்கும் இந்த ஒரு விளக்கத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தால் கூட்டத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

*

விழிப்புணர்வு உரைக்குப் பின்னாலிருக்கும் மனம் நமக்குப் புதிதல்ல. சங்க அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு அதன் கதைப்போக்கு நன்றாகத் தெரியும். தலைவியைப் பற்றி ஊரில் முணுமுணுப்பு எழும், அது அம்பல். வாய்விட்டுப் பேசும் பேச்சாக அது விரியும்போது அலர். அலர் கிளம்பியதும் தாய் என்ன செய்வாள்? அலர் தூற்றிய பெண்டிரைக் கேள்வி கேட்க மாட்டாள். மகளை வீட்டுக்குள் வைத்து அடைப்பாள். இதற்கு இற்செறிப்பு என்று பெயர். பேசியது ஊர், அடைபட்டது பெண்.

இன்றைக்கு அலர் வாட்ஸ்அப்பில் வருகிறது. இற்செறிப்பு, போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவதாக வருகிறது. கணக்கை அழித்துவிடு, படிப்பை நிறுத்திவிடு, சீக்கிரம் மாப்பிள்ளை பார்த்துவிடலாம் என்று அடுத்தடுத்த கதவுகள் சாத்தப்படுகின்றன. ஒரு மாணவி தனக்கு வந்த மிரட்டலை வீட்டில் சொல்லத் தயங்குவதற்கு முதல் காரணம், மிரட்டுகிறவன்மேல் இருக்கும் பயம்கூட இல்லை. சொன்னால் போன் போய்விடும், போனோடு கல்லூரியும் போய்விடும் என்ற பயம்தான். மிரட்டுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். அவனுடைய பலமே நம் வீடுகளின் இற்செறிப்புப் பழக்கம்தான்.

அதே அக மரபில் இன்னொரு விதியும் உண்டு. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டிப் பாடக் கூடாது என்கிறது தொல்காப்பியம். இதைப் பெண்ணுரிமை ஆவணமாக நான் கொண்டாட வரவில்லை. எல்லோருக்கும் பொதுவான காதலைப் பாட வேண்டும் என்ற கவிதைக் கொள்கை அது. ஆனால் அந்த விதி யார்மேல் விதிக்கப்பட்டது என்று பாருங்கள். காதலிக்காதே என்று அது தலைவியிடம் சொல்லவில்லை. பெயரைச் சொல்லாதே என்று புலவரிடம் சொல்கிறது. வாயைக் கட்ட வேண்டியவர் பேசுகிறவர்.

பாதுகாப்பு என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் கிடக்கின்றன. ஒன்று பெண்ணைப் பூட்டுவது. மற்றது, அவளைப் பற்றிய செய்தி யார் கையில் இருக்கிறதோ அவர்களைக் கட்டுப்படுத்துவது. அந்தரங்க உரிமை, தனிநபர் தரவுப் பாதுகாப்பு என்று இன்று நாம் பேசுவது இரண்டாவதைத்தான். நம் விழிப்புணர்வுக் கூட்டங்களோ முதலாவதை மட்டுமே பேசுகின்றன.

*

இந்த வேறுபாடு வெறும் வகுப்பறை விவாதமில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. பொள்ளாச்சி வழக்கு 2019இல் வெளியே வந்தபோது, 'ஃபேஸ்புக்கில் பழகினால் இப்படித்தான்' என்று நாடு முழுக்க அறிவுரை பறந்தது. அந்த நேரத்தில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் பத்திரிகையாளர்கள்முன் சொன்னவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். பிறகு வெளிவந்த அரசாணையிலும் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது 2025 மே மாதத்தில்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி துணிந்து புகார் கொடுத்தார். அவருடைய விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொல்லப்பட்டது. இம்முறையும் உயர் நீதிமன்றம் தலையிட்டு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. இந்த இரண்டு பெண்களும் எந்தக் கடவுச்சொல்லைச் சரியாக வைத்திருந்தால் இது நடந்திருக்காது? கசிந்தது அவர்கள் கையிலிருந்து இல்லை. பெயர் சுட்டாமை என்ற விதி யாரைக் கட்டுப்படுத்த வேண்டுமோ அவர்களே அதை உடைத்தார்கள்.

'படம் போடாதே' என்ற அறிவுரை எங்கே கொண்டுவிடும் என்பதற்கு 2021இன் 'சுல்லி டீல்ஸ்', 2022 ஜனவரியின் 'புல்லி பாய்' செயலிகளை நினைத்துக்கொள்ளலாம். முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களுடைய பொதுக் கணக்குகளிலிருந்து எடுத்து 'ஏலம்' என்று போட்டார்கள். குறிவைக்கப்பட்டவர்களில் பலர் பத்திரிகையாளர்கள், செயற்பாட்டாளர்கள். பொதுவெளியில் முகம் காட்டிப் பேசியதே அவர்கள் செய்த 'தவறு'. படத்தை எடுத்துவிடு என்று அவர்களிடம் சொல்வது, ஏலம் போட்டவன் விரும்பியதை நாமே நிறைவேற்றிக் கொடுப்பது.

சேலம் மாவட்டத்தில் 2016இல் ஓர் இளம்பெண்ணின் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டான் ஒருவன். புகார் கொடுத்தும் காவல்துறை விரைந்து செயல்படவில்லை. மறுபடியும் படம் வந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். தான் யாருக்கும் அப்படியொரு படத்தை அனுப்பவில்லை என்பதைச் சொந்தப் பெற்றோரே நம்பவில்லை என்ற வேதனையை எழுதிவைத்திருந்தார். காவல் கண்காணிப்பாளர் பிறகு வருத்தம் தெரிவித்தார். 'ஒழுங்கா இருந்தா ஒண்ணும் ஆகாது' என்ற வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பினால், 'ஏதோ ஆகிவிட்டது என்றால் அவள் ஒழுங்காக இல்லை' என்று வரும். அந்த வாக்கியம் செய்கிற வேலை அதுதான்.

*

அப்படியானால் பெண்கள் எதையும் மறைக்க வேண்டாமா? மறைக்கலாம். யார் சொல்லி மறைக்கிறோம், யாருக்காக மறைக்கிறோம் என்பதுதான் கேள்வி. பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட ஒரு துவரங்குறிச்சிப் பெண், புகுந்த வீட்டாருக்குத் தெரியாமல் கழிப்பறையில் நின்று எழுதி, தாள்களை ஒளித்து, 'சல்மா' என்ற பெயரில் கவிதைகளை வெளியே அனுப்பினார். அவரை வீட்டில் அடைத்தது இற்செறிப்பு. புனைபெயரை அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார். முன்னது வாயை அடைத்தது, பின்னது வாயைத் திறந்துவிட்டது. சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் வேறுபாடு புரிந்துவிடும். இணையத்தில் நாம் பழக வேண்டிய அன்றாட வழக்கங்களையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே அடுக்கிவிடலாம்.

முதல் கேள்வி: உங்கள் ஓடிபி யாருடைய போனுக்குப் போகிறது? மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் 2023 செப்டம்பரிலிருந்து பெண்களின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணக்கு அவள் பெயரில். குறுஞ்செய்தி கணவன் போனிலோ மகன் போனிலோ வந்து விழுகிற வீடுகள் எத்தனை! புதுமைப் பெண் உதவித்தொகை வாங்கும் மாணவிகளும் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வங்கியிலும் ஆதாரிலும் மின்னஞ்சலின் மீட்பு எண்ணாகவும் நீங்கள் கையில் வைத்திருக்கும் எண் இருக்க வேண்டும். பழைய சிம்மை விட்டுவிட்டால், அந்த எண் சில காலத்துக்குப் பின் வேறொருவருக்குப் போகும் என்பதையும் மறக்க வேண்டாம். எண்ணைக் கைவிடுவதற்கு முன்பே எல்லாக் கணக்கிலும் புது எண்ணை ஏற்றிவிடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்பதை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். நீங்கள் வாங்காதது இருந்தால் அங்கேயே முறையிடலாம்.

இரண்டாவது, வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். உங்கள் போனைச் சில நிமிடங்கள் கையில் வைத்திருந்த ஒருவர் அதைத் தன் கணினியோடு இணைத்துவிட்டால், நீங்கள் பேசுவதெல்லாம் அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கும். தெரியாத கருவி இருந்தால் அங்கேயே துண்டிக்கலாம். 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டு ஆறு இலக்க எண் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் உங்கள் இருப்பிடம் யாருக்கேனும் பகிரப்படுகிறதா என்றும் பாருங்கள். வீட்டிலோ காதலிலோ வன்முறை இருக்கிற பெண்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திடீரென்று எல்லாவற்றையும் துண்டித்தால் கண்காணிப்பவனுக்குத் தெரிந்துவிடும். முதலில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, பாதுகாப்பான வேறொரு போனிலிருந்து வழி தேடுவது நல்லது.

மூன்றாவது, கடவுச்சொல். கணவன் பெயர், குழந்தை பிறந்த தேதி, குலதெய்வம் ஆகியவற்றில் ஒன்றைத்தான் நம்மில் பலர் வைத்திருக்கிறோம். நம் சாவியைக்கூடக் குடும்பத்தின் பெயரால்தான் செய்துகொள்கிறோம்! ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமான ஒரு தொடர் அமையுங்கள். கவிதை எழுதுபவர்களுக்கு இது கடினமே இல்லை. ஊரறிந்த பாட்டு வரியை மட்டும் எடுக்காதீர்கள். மின்னஞ்சலுக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று என்று வேறுவேறாக இருக்கட்டும். "என்மேல நம்பிக்கை இல்லையா? பாஸ்வேர்டைக் கொடு" என்று காதலன் கேட்கும் நாள் வரும். ஹேக்கர் என்று நாம் அஞ்சுகிறவன் வராமலே போகலாம். இவன் கட்டாயம் வருவான். அன்புக்கு அடையாளமாகக் கேட்கப்படும் சாவியை மறுப்பதும் ஒரு பாதுகாப்புப் பழக்கம்தான். எந்தக் கூட்டத்திலும் இதைச் சொல்லக் கேட்டதில்லை.

நான்காவது, ஜெராக்ஸ் கடை. ஆதார் அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பிரிண்ட் எடுக்கிறோம். அட்டையில் முகம், வீட்டு முகவரி, பிறந்த தேதி. அனுப்பிய எண் நம் கைபேசி எண். எல்லாம் கடைக்காரர் போனில் தங்கிவிடுகின்றன. முடிந்தவரை பென் டிரைவில் கொண்டுபோங்கள். ப்ரவுசிங் சென்டரில் பதிவிறக்கிய கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' அதிகாரப்பூர்வமாகவே கிடைக்கிறது. விடுதி அறை, தங்கும் இடம் போன்றவற்றுக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள். ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே மாதத்தில், ஆதார் நகலை எல்லோரிடமும் கொடுக்காதீர்கள் என்று ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அறிவுரை போய்விட்டது. அது சொன்ன ஆபத்து எங்கும் போகவில்லை.

*

மேலே சொன்னவை நம் கையில் இருக்கும் சாவிகள். நம் கையில் இல்லாதவை இன்னும் அதிகம். அவற்றில் பல, கல்லூரிகளில் இருக்கின்றன என்பதை ஆசிரியர்கள் நாம் பேசியாக வேண்டும். தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் மாணவிகளின் பெயர், கைபேசி எண், ஆதார் எண், சாதி, பெற்றோர் வருமானம் அத்தனையும் ஒரே எக்செல் தாளில் தொகுக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. உதவித்தொகைப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்போது, யார் பட்டியல் சாதி, யார் பழங்குடி என்பது வளாகம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. ஒரு தலித் மாணவிக்கு அந்தத் தாள் என்ன செய்யும் என்று அதை ஒட்டுகிறவர் யோசிப்பதில்லை. சாதி அறிவது இங்கே அலரின் முதல் படி. 'படம் போடாதே' என்று மாணவிக்குச் சொல்லும் நிறுவனம், அவள் சாதியைச் சுவரில் ஒட்டுகிறது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகச் சொன்னது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எதற்காகத் தரவு கேட்கிறார்கள் என்பதைச் சொல்லி, ஒப்புதல் வாங்கி, அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. ஆனால் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரமும் அதே சட்டத்தில் இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையும் அரசாணையும் பெண்ணின் பெயரை வெளியே விட்ட ஒரு நாட்டில் இது சின்ன விஷயமில்லை. இன்னொன்று, 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது சட்டம். பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு அது காப்பு. கல்லூரி முதலாண்டில் சேர்ந்திருக்கும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு, அதுவும் வீட்டில் நடப்பதைப் பற்றியே உதவி தேடுகிறவளுக்கு, அது சட்டம் போட்டுத்தரும் இற்செறிப்பாகவும் ஆகக்கூடும்.

தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெட்கத்தில் எதையும் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், இணைப்பு முகவரி, தேதி, நேரம், அனுப்பியவரின் கணக்கு எல்லாம் அதில் தெரிய வேண்டும். அந்தரங்கப் படம் என்றால் பாதிக்கப்பட்டவரின் புகார் கிடைத்த 24 மணி நேரத்தில் அதை நீக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் சமூக ஊடக நிறுவனங்களுக்குக் கடமை விதித்தன. மார்ஃபிங் செய்த படங்களுக்கும் அது பொருந்தும். 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற தளத்தில் படத்தை எங்கும் ஏற்றாமலே, உங்கள் போனிலேயே அதன் எண்வடிவக் கைரேகை ஒன்றை உருவாக்கி அனுப்பலாம். திட்டத்தில் சேர்ந்துள்ள தளங்கள் அந்தப் படம் ஏறாமல் தடுக்க முயலும். பணம் போயிருந்தால் உடனே 1930. மற்றவற்றுக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் தளம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. தனியாகப் போகாதீர்கள், ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள். அகப்பாடல்களில் தலைவி தனித்து விடப்படுவதே இல்லை. அவளுக்காகப் பேச எப்போதும் ஒரு தோழி பக்கத்தில் நிற்பாள்.

மகளோ தங்கையோ மாணவியோ வந்து சொன்னால், முதல் வாக்கியம் என்னவாக இருக்கிறது என்பதில் கவனம் வேண்டும். 'நீ ஏன் போட்டே?' என்று தொடங்கினால் அவள் அடுத்த முறை சொல்ல மாட்டாள். 'யார் செஞ்சான்?' என்று தொடங்குங்கள். எழுவாய் அதன் இடத்துக்குத் திரும்பட்டும்.

அதேபோல, யார் எந்த விவரம் கேட்டாலும் 'எதுக்கு?' என்று கேட்கும் பழக்கத்தை நம் பெண்களுக்குச் சின்ன வயதிலேயே கொடுக்க வேண்டும். துணிக்கடையில் பில் போடுகிறவர் போன் நம்பர் கேட்டால், எதுக்கு? கல்லூரிப் படிவம் அப்பாவின் சாதியை மூன்றாவது முறையாகக் கேட்டால், எதுக்கு? நிச்சயம் ஆனவன் பாஸ்வேர்ட் கேட்டால், எதுக்கு? எதிர்த்துப் பேசுகிறாள் என்பார்கள், பேசட்டும். அடுத்த விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடிக்கும்போது பக்கத்து ஆண்கள் கல்லூரிக்கும், காவல் நிலைய எழுத்தருக்கும், கல்லூரி அலுவலகத்தில் எக்செல் தாளை அனுப்புகிறவருக்கும் ஒவ்வொன்று போகட்டும். பெயர் சுட்டாமையைக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தான்.